முத்துக்குளித்துறைக் கோயிலேடுகளும் குடிவழி ஆராய்ச்சியும்: ஒரு மதிப்பீடு

குடிவழி கூறும் மரபு தமிழ்நாட்டில் மிகப் பழமை வாய்ந்தது. ஆயின் அது நெடுங்காலம் அரசர்க்கும் அவரைச் சார்ந்தார்க்குமே உரியதாய் இருந்தது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குடியைக் கதிரவனிடத்துத் தொடங்கிக் கூறுகின்றது. கம்பர் தம் காப்பியத்துப் பாலகாண்டத்தில் ‘குலமுறை கிளத்து படலம்’ என ஒரு படலமே அமைத்தார். வேந்தன் ஒருவன் யார் மகன், யார் பேரன் என்பதைக் கல்லும் செம்பும் கூறின. வலை வீசியவனும், கல்லைப் பற்றி மூழ்கிச் சிப்பி எடுத்தவனும், உப்பளத்தில் பாத்தி மிதித்தவனும் யார் வழியினர் என்பதை எழுதிவைத்தார் இலர். தென்பாண்டிக் கடற்கரையில் அத்தகையோர் பெயரையும் அவர்தம் தாய்தந்தையர் பெயரையும் ஒருசேர எழுதும் வழக்கம் கத்தோலிக்கத் திருச்சபையின் கோயிலேடுகளோடு வந்தது.

அண்மைக் காலத்தில் இக்கடற்கரைக் குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடும் முயற்சியில் பெரிதும் ஈடுபட்டு வருகின்றன. தூத்துக்குடியிலும் கொழும்பிலும் பிற நாடுகளிலும் வாழ்வோர் கோயிலேடுகளைப் புரட்டியும், ஆவணக்காப்பகங்களை நாடியும், குடும்ப வரலாறுகளைத் தொகுத்து வெளியிடுகின்றனர். இம்முயற்சி பாராட்டற்குரியது. ஆயினும் சான்றுகளைக் கையாளும் முறையில் மூன்று பிழைகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. குடும்பப்பெயரைக் குருதி வழியாகக் கொள்ளுதல் ஒன்று. ஒரே ஆளின் பலமொழிப் பெயர்களைப் பல ஆட்களாகக் கொள்ளுதல் மற்றொன்று. ஏடு இல்லாத காலத்தைப் பழங்கதையால் நிரப்புதல் பிறிதொன்று. இம்மூன்றையும் ஆராய்ந்து, கோயிலேட்டின் உண்மையான பயன் யாது என்பதை வரையறுத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடு தோன்றிய வரலாறு

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். பட்டங்கட்டிமார் கொச்சி சென்று போர்த்துக்கீசியரின் காவலை வேண்டியதும், ஜுவாங் த குரூசு என்பார் இடைநின்று உதவியதும், மிகேல் வாசு என்னும் குருமுதல்வர் வந்து பெருந்தொகையினர்க்குத் திருமுழுக்கு அளித்ததும் வரலாறு அறிந்தார் நன்கு அறிந்தனவே. பிரான்சிசு சவேரியார் 1542 இல் இக்கரைக்கு வந்தார். திருவிதாங்கூர்க் கடற்கரையில் தாம் ஆற்றிய பணியைக் குறித்து 1545 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய மடலில், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்ததாகக் குறிக்கின்றார். எழுத்தறியா மீனவன் ஒருவன் தன் பெயர் எழுதப்பட்ட துண்டினைக் கையில் வாங்கிய அந்நிகழ்ச்சி இவ்வாராய்ச்சிக்கு முதல் எல்லையாகக் கொள்ளத்தக்கது. பெயர் எழுதப்பட்டது, ஆயின் இன்னார் மகன் இன்னான் என்னும் தொடர்பு அத்துண்டில் அமைந்திருக்க வேண்டும் என்று கொள்ள இடமில்லை.

அத்தொடர்பு முறையாகப் பதியப்பட்டமைக்குக் காரணம் திருத்தந்தை ஆட்சியின் சட்டங்களே. திரெந்து நகரப் பொதுச்சங்கம் 1563 இல் நிறைவேற்றிய தீர்மானம், பங்குக்குரு மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் மணநாளையும் இடத்தையும் ஏட்டில் எழுதுதல் வேண்டும் என விதித்தது. திருமுழுக்கில் ஞானப்பெற்றோராய் நின்றார் பெயரையும் எழுதப் பணித்தது. 1614 இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றிற்குத் தனித்தனி ஏடுகளும், பங்கு மக்களை வீடுவாரியாகக் கணக்கெடுக்கும் ஏடு ஒன்றும் ஆக ஐவகை ஏடுகளை வகுத்தது. ஆதலின் முதற்றிருமுழுக்கிற்கும் இவ்விதிகட்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் கழிந்தது என்பது தெளிவு. ஐரோப்பியக் கோயில்களிலேயே இவ்விதிகள் மெல்லமெல்லத்தான் வேரூன்றின. 1536 இல் மனமாறிய தம் மூதாதையின் பெயரைக் கோயிலேட்டிலிருந்து காட்டுவதாகக் கூறும் குடும்ப வரலாறு எதனையும் ஐயத்தோடு நோக்குதல் வேண்டும் என்பதற்கு இஃது ஒன்றே போதிய காரணமாகும்.

குடும்பப்பெயரும் குருதிவழியும்

பர்னாந்து, கோசுதா, மோத்தா, ரோச், மச்சாது, கொரேரா, வாசு, கோமசு, ரொட்ரிகோ, மிராந்தா எனப் பலவாகப் போர்த்துக்கீசியப் பெயர்கள் இக்கரையில் வழங்குகின்றன. இவற்றைக் கொண்டு ஐரோப்பியக் கலப்பை ஊகிப்பாரும், ஒரே பெயருடையார் அனைவரையும் ஒரு குடியினர் எனக் கொள்வாரும் உளர். இரண்டும் பொருந்தா. திருமுழுக்கின்போது ஞானத்தந்தையாய் நின்றவர் பெயரையோ, மதிப்பிற்குரிய போர்த்துக்கீசியர் ஒருவர் பெயரையோ ஏற்றல் அக்கால வழக்கம். ஞானத்தந்தை ஒருவரே பலர்க்கு நின்றிருப்பின், உறவில்லாப் பல குடும்பங்கள் ஒரு பெயரைப் பெறுதல் இயல்பு. உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு ஞானத்தந்தையரால் வெவ்வேறு பெயர் பெறுதலும் இயல்பே.

சாதித் தலைவர்க்குரிய ‘த குரூசு’ என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். மேலே குறித்த ஜுவாங் த குரூசு பரதவர் அல்லர். மலையாளக் கரையினின்றும் போந்த வணிகர். அவர் பெயரே தலைமைக் குடியினரின் பெயராய் நிலைத்தது என்பது வரலாற்றாசிரியர் பலரும் கொள்ளும் முடிபு. பெயர் இங்கே சுட்டுவது ஓர் உடன்படிக்கையை, பிறப்பை அன்று. காவல் வேண்டினாரும் காவலுக்கு வழி செய்தாரும் ஒருவரோடொருவர் பூண்ட உறவு அப்பெயரில் உறைந்துள்ளது. அதனைப் பிறப்புவழியாகக் கொள்வார் அதன் வரலாற்றுப் பொருளை இழந்துவிடுகின்றனர்.

‘பர்னாந்து’ என்னும் பெயர்க்கு மற்றோர் இடரும் உண்டு. ஈழத்தின் மேற்குக் கரையில் சிங்களம் பேசும் கரையோர மக்களிடையேயும் அப்பெயர் பெருவழக்கினது. தூத்துக்குடிப் பரதவர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாணிகத்தின்பொருட்டுக் கொழும்பில் குடியேறினர். கொழும்பு ஏட்டில் ஒரு பர்னாந்துவைக் கண்டவுடன் தம் பாட்டனாராகக் கொள்ளுதல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை விரித்துரைக்க வேண்டா. இலண்டனில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னை மாகாணத்துத் திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் 1698 முதல் தொகுக்கப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் ஐரோப்பியரையும் ஐரோப்பிய வழியினரையும் பற்றியவை. அங்கும் இதே பெயர்கள் வருதலின், பெயரொற்றுமை கொண்டு முடிபு காண்பார் எளிதில் ஏமாறுவர்.

முற்பெயரும் மொழிமாற்றமும்

குடும்பப்பெயரினும் முற்பெயரே தமிழாராய்ச்சியாளர்க்கு மிகுந்த வேலை தருவது. குருமார் ஏட்டினை இலத்தீனில் எழுதினர். சில காலத்தும் சில இடத்தும் போர்த்துக்கீசியத்திலும் தமிழிலும் எழுதினர். இலத்தீனில் ‘பேத்ருசு’ எனப்படுவார் வீட்டில் இராயப்பன். ‘பவுலுசு’ சின்னப்பன். ‘யொவான்னசு’ அருளப்பன். ‘யொசேப்புசு’ சூசை. ‘ஸ்தேபானுசு’ முடியப்பன். ‘அலோய்சியுசு’ ஞானப்பிரகாசம். ‘தோமினிக்குசு’ சாமிநாதன் என்றும் தோமிங்கு என்றும் வழங்கப்படுவார். ‘யாக்கோபுசு’ போர்த்துக்கீசிய வழியில் சந்தியாகு ஆவார். அவரே ஆங்கிலப் பள்ளி ஏட்டில் ‘ஜேம்சு’ எனக் காணப்படுதலும் கூடும்.

இவ்வாறு ஒருவர்க்கே நான்கு பெயர் அமைதலின், இலத்தீன் ஏட்டில் ஒருவரையும் தமிழ் ஏட்டில் வேறொருவரையும் கண்டதாக எண்ணி, இல்லாத தம்பி ஒருவனைப் படைத்துக்கொள்ளும் பிழை நேர்கின்றது. இலத்தீனில் வேற்றுமை ஏற்ற பெயர் ஈறு திரியும் என்பதும் கருதத்தக்கது. ‘யொவான்னிசு’ என்பது ‘யொவான்னசினுடைய’ என ஆறாம் வேற்றுமைப் பொருள்படுவது. ‘யொவான்னிசின் மகன்’ என மேலும் ஓர் உருபு கூட்டி எழுதி, அதனையே ஒரு தனிப்பெயராக்குதல் இலத்தீன் இலக்கணம் அறியாமையின் விளைவு. சாத்தனது மகன் என்பதைக் கண்டு ‘சாத்தனது’ என்றொரு பெயர் உண்டென்பாரை நாம் நகைப்போம். இதுவும் அதனை ஒத்ததே.

பெயர்ச்சொற்கள் இவ்வாறு தமிழாக்கம் பெற்ற வரலாறு மொழிநூலார்க்கும் உரிய பொருள். இக்கரையில் 1547 முதல் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை 1578 இல் கொல்லத்தில் அச்சிட்டார்; ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579 இல் கொச்சியில் வெளிவந்தது; அடியார் வரலாற்றைக் கூறும் ‘புளோசு சாங்தோரும்’ 1586 இல் அச்சேறியது. இவற்றுள் இறுதியதை இராசமாணிக்கம் அடிகளார் 1967 இல் பதிப்பித்து வெளியிட்டார். அந்தாம் தெ புரவேன்சாவின் 1679 ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தனிநாயக அடிகளார் 1966 இல் கோலாலம்பூரிலிருந்து நிழற்படிப் பதிப்பாகக் கொணர்ந்தார். அச்சேறிய நூல்களைப் போற்றிய தமிழுலகம், அந்நூல்களில் வரும் அடியார் பெயர்களைத் தாங்கி வாழ்ந்த மக்களின் ஏடுகளை மொழிச்சான்றாகக் கொண்டு ஆராய இன்னும் போதிய அளவு முற்படவில்லை. தூயவர் ஒருவரின் பெயர் எந்த வடிவில் நூலில் வந்தது, எந்த வடிவில் குழந்தைக்கு இடப்பட்டது என ஒப்பிடின் பேச்சுத் தமிழின் ஒலிவரலாறு பெரிதும் விளங்கும்.

மணவேட்டில் தமிழ் முறைமை

இனி, கோயிலேட்டின் சிறந்த பயன் யாது என்பதைக் கூறலாம். அது மணவேட்டில் உள்ளது. அத்தை மகனும் மாமன் மகளும் மணத்தல் தமிழர்க்கு உரிமை மணம். திருச்சபைச் சட்டத்திலோ அது குருதியுறவுத் தடைக்குட்பட்டது. பழைய கணக்கு முறையில் அவ்வுறவு ‘இரண்டாம் படி’ எனப்படும். தடை உள்ளதாயினும் ஆயர் அல்லது அவரால் உரிமை பெற்றவர் அதனை விலக்கலாம். விலக்கு அளித்த செய்தியை மணவேட்டில் எழுதுதல் வேண்டும். தமிழ் வழக்கில் எவரும் எழுதாத உறவு, அவ்வழக்கைத் தடைசெய்த சட்டத்தின் காரணமாகவே எழுத்தில் ஏறிற்று என்பது வியப்பிற்குரியது.

இரண்டாம் படித் தடை விலக்கப்பட்டதென ஏடு கூறின், மணமக்கள் இருவர்க்கும் பாட்டனும் பாட்டியும் பொது என்பது பெறப்படும். ஆயின் அவர்கள் எவ்வழிப் பேரர் என்பதைப் படி எண் மட்டும் கூறாது. சிற்றப்பன் மக்களும் பெரியம்மை மக்களும் அதே படியினரே. இங்கே தமிழ் முறைமை அறிவு துணைசெய்கின்றது. அன்னோர் நமக்கு உடன்பிறப்பு முறையினர். அவரிடை மணம் நிகழாது. ஆகலின் மணமகன் தாயும் மணமகள் தந்தையும், அன்றி மணமகன் தந்தையும் மணமகள் தாயும் உடன்பிறந்தார் ஆதல் வேண்டும். இவ்விரண்டனுள் எது என்பதைப் பெற்றோரின் திருமுழுக்குக் குறிப்பைக் கண்டு துணியலாம். தாய்மாமன் அக்காள் மகளை மணந்திருப்பின் படி எண் வேறுபடும். திருச்சபைச் சட்டம் மட்டும் அறிந்தவரும், தமிழ் முறைமை மட்டும் அறிந்தவரும் தனித்தனி நின்று இக்குறிப்பின் பொருளை முற்றும் காணவல்லர் அல்லர். இரண்டும் அறிந்தவர்க்கே அது விளங்கும்.

இவ்வேட்டின் மற்றொரு சிறப்பு பெண்டிர் பெயர். வாய்மொழிக் கொடிவழிகள் பெரும்பாலும் ஆண்வழியே சென்று, மனைவியரை ‘இன்ன ஊராள்’ என்னும் அளவில் நிறுத்திவிடும். கோயிலேடோ தாயின் பெயரைத் தந்தை பெயரோடு ஒப்ப எழுதுகின்றது. ஞானத்தாயின் பெயரையும் எழுதுகின்றது. ஒரே ஞானத்தாய் ஒரு வீட்டுக் குழந்தைகள் பலர்க்கு மீண்டும் மீண்டும் வருவாளாயின், அவள் அவ்வீட்டோடு நெருங்கிய தொடர்புடையாள் என ஊகிக்கலாம். ஊகமே, முடிபன்று. செல்வர் வீட்டார் தம்மிடம் தொழில் செய்வார் குழந்தைகட்கு ஞானப்பெற்றோராய் நிற்றலும் உண்டாதலின், மணவேட்டுச் சாட்சிகளோடு ஒத்துநோக்கிய பின்னரே உறவு துணியப்படல் வேண்டும்.

ஓரக்குறிப்பும் கருதற்பாலது. 1907 இல் வெளிவந்து 1908 இல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமெரே’ என்னும் ஆணைக்குப் பின், ஒருவர் எவ்வூரில் மணந்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலின் ஏட்டு ஓரத்தில் குறிக்கப்படுதல் வேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. கொழும்பில் மணந்த தூத்துக்குடியாரின் தடம் இவ்வோரத்தில் கிடைக்கும். ஏட்டின் நடுவை மட்டும் படியெடுத்து ஓரத்தை விட்டுவிடும் தொகுப்பாளர், தாம் தேடி அலைவதையே கைவிடுகின்றனர்.

ஏட்டின் இடைவெளிகள்

இத்துணைச் சிறப்புடைய ஏடுகள் தொடர்ச்சியாய்க் கிடைத்தல் அரிது. காரணங்கள் வெளிப்படை. ஒல்லாந்தர் 1658 இல் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தச் சமயத்தினர். கத்தோலிக்கக் குருமார் கரையினின்று நீங்க நேர்ந்தது. மக்களோ தம் பழைய சமயத்தை விட்டாரல்லர். பனிமய மாதா கோயில் 1713 இல் எழுந்தது அவ்வுறுதியின் அடையாளம். இயேசு சபை 1773 இல் கலைக்கப்பட்டது. மீண்டும் அச்சபையினர் 1837–38 இல் மதுரைப் பணித்தளத்திற்கு வந்தபோது, போர்த்துக்கீசிய அரசின் ஞானப்பாதுகாவற்கு உட்பட்ட கோவாக் குருமார்க்கும் இவர்க்கும் ஆட்சிவழக்கு மூண்டது. ஒரே ஊரில் இருதிறக் குருமாரும், அதனால் இருதிற ஏடுகளும் அமைந்தன. 1886 ஆம் ஆண்டின் உடன்படிக்கை பூசலைத் தணித்ததாயினும், இரட்டையாட்சியின் விளைவு உடனே மறைந்திலது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923 இல் தோன்றி, திபூர்சியுசு ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். இவ்வரலாற்றை அறியாதார், ஒரு தொகுதியில் தம் முன்னோர் பெயர் இல்லையெனக் கண்டு, அவர் அவ்வூரினர் அல்லர் எனத் துணிந்துவிடுகின்றனர். மூத்த மகன் ஒருதிற ஏட்டிலும் இளைய மகன் மற்றைத்திற ஏட்டிலும் இருத்தல் கூடும்.

கடற்காற்றின் உப்பும் செல்லும் ஏட்டினை அழிப்பன. சிதைந்த ஏட்டைப் பின்வந்த குரு ஒருவர் புதிதாகப் படியெடுத்திருப்பின், அதனை மூலமாகக் கருதலாகாது. படியெடுப்பார் பழைய பெயரைத் தம் காலத்து வழக்கிற்கு மாற்றுதலும், விளங்காத இடத்தை விடுதலும் உண்டு. சுவடிப் பதிப்பில் மூலப்படி, வழிப்படி, பாடவேறுபாடு என நாம் கொள்ளும் வேறுபாடுகள் இங்கும் இன்றியமையாதன.

அரசு ஆவணங்களைத் தேடுவார்க்கும் ஒன்று கூறல் வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் ஒல்லாந்தர் ஆவணத் தொகுதி உண்டு. அக்கும்பினியின் ஆவணங்கள் 2003 இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவில் சேர்க்கப்பட்டன. ஆயின் சென்னைத் தொகுதியிற் பெரும்பகுதி கொச்சியைச் சார்ந்தது. தூத்துக்குடி ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பு ஆட்சிக்குட்பட்டிருந்தமையின், அதன் கடிதங்களைக் கொழும்பிலும் திஏகு நகரிலும் தேடுதல் வேண்டும். ஈழத்தில் ஒல்லாந்தர் குடிகளையும் நிலத்தையும் கணக்கெடுத்து எழுதிய ‘தோம்பு’கள் குடிவழி ஆராய்ச்சிக்குப் பெருங்கருவூலம். போர்த்துக்கீசியச் சொல் வழியாகத் தமிழில் புகுந்த அச்சொல்லே இலிசுபனின் ‘தொற்றே தொ தோம்பு’ என்னும் அரசு ஆவணக்காப்பகப் பெயரிலும் உள்ளது. ஆயின் தூத்துக்குடியில் நிலவுரிமை ஒல்லாந்தர்க்கு இன்மையின், அத்தகைய தோம்பினை இக்கரைக்கு எதிர்பார்த்தல் பொருந்தாது. ஒல்லாந்தர் எழுத்தில் சாதித் தலைவரும் பட்டங்கட்டிமாரும் பேசப்படுவர். மூழ்கி எழுந்தவன் பெயர் பெரும்பாலும் எண்ணாகவே நிற்கும்.

பழங்கதையும் சான்றும்

ஏடு நின்றுவிடும் இடத்தில் பழங்கதை தொடங்குதல் வழக்கம். புத்தளத்துச் சைமன் காசிச்செட்டி 1837 இல் அரச ஆசியக் கழக இதழில் பரதவர் தோற்றமும் வரலாறும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கேட்ட மரபுக்கதைகளையும் அக்கால வழக்கங்களையும் ஒருங்கே தொகுத்தார். தர்சுட்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருந்தொகுப்பில் அக்கட்டுரையை எடுத்தாண்டார். அது முதல் கதை, நூற்சான்று என்னும் தகுதியைப் பெற்றுவிட்டது. பின்வந்தோர் தர்சுட்டனை மேற்கோளாக்கி, பாண்டிய வேந்தர் வழியிலிருந்து தம் பாட்டனார் வரை இடையறாத கொடிவழி வரைந்தனர்.

கொற்கையும் பரதவரும் சங்க நூல்களில் பேசப்படுதல் உண்மை. மதுரைக்காஞ்சி தென்பரதவரைக் குறித்தலும் உண்மை. ஆயின் ஒரு மக்கட்குழுவின் தொன்மை வேறு. ஒரு குடும்பத்தின் வழிமுறை வேறு. முன்னதற்கு இலக்கியம் சான்றாகும், பின்னதற்கு ஆகாது. சங்ககாலத்திற்கும் முதற் கோயிலேட்டிற்கும் இடையே கிடக்கும் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆண்டுகளைப் பெயர்ப்பட்டியலால் நிரப்ப வல்லார் எவரும் இலர். தலைமை, முத்துக்குளிப்பில் பங்கு, கோயில் முதன்மை ஆகிய உரிமைகளுக்கு வழக்கு எழுந்தபோதெல்லாம் கொடிவழிகள் எழுதப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. உரிமை வழக்கிற்கென எழுதப்பட்ட கொடிவழியைப் படிப்பார், அதனை எழுதுவித்தார் யார், எதன்பொருட்டு என வினவிய பின்னரே ஏற்றல் வேண்டும்.

இதற்கு மாறாக நல்லதொரு முன்மாதிரியும் நமக்கு உண்டு. கால்டுவெல் ஐயர் 1881 இல் வெளியிட்ட திருநெல்வேலிப் பணித்தள முற்கால வரலாற்றில், பாளையங்கோட்டைச் சீர்திருத்தச் சபையின் 1780 ஆம் ஆண்டுப் பெயர்ப்பட்டியலை எடுத்துக்காட்டினார். அதில் இருந்தோர் நாற்பதின்மர். குளோரிந்தா என்னும் அம்மையார் பெயர் முதற்கண் நின்றது. கால்டுவெல் அப்பட்டியலுக்கு முன்னே கதை எதனையும் கூட்டினாரல்லர். நாற்பது பெயரையும் நாற்பது பெயராகவே கொண்டார். ஒப்பிலக்கணம் கண்ட அவ்வறிஞரின் அடக்கம் குடிவழி ஆராய்வார்க்கும் வேண்டுவதாகும்.

முத்தையாபுரத்துக் குடும்பம்

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தூத்துக்குடியின் தென்புறத்தே திருச்செந்தூர்ச் சாலையில் உப்பளங்களை அடுத்து அமைந்த முத்தையாபுரத்தில் வாழும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தன் முன்னோரைத் தேடுவதாகக் கொள்வோம். தேடுவார் முதலில் வினவ வேண்டுவது, தம் கோயில் எந்த ஆண்டில் தனிப்பங்காயிற்று என்பது. பங்கு தோன்றிய நாளுக்கு முற்பட்ட பதிவு அங்கே இராது. தாய்ப்பங்கின் ஏட்டிலேயே இருக்கும். அடுத்து, தந்தையின் திருமுழுக்குக் குறிப்பையும் அதன் ஓரத்தையும் காணுதல் வேண்டும். பின்னர்ப் பாட்டனார் மணக்குறிப்பில் தடைவிலக்கு உண்டா என நோக்குதல் வேண்டும். உண்டாயின் ஒரே குறிப்பால் இரண்டு தலைமுறை மேலே செல்லலாம். அதன்பின் ஞானப்பெற்றோர், சாட்சிகள் ஆகியோரின் வீடுகளைத் தேடி, அவர்தம் ஏட்டுக் குறிப்புகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். தன் குடும்பத்தை மட்டும் தேடுவார்க்குத் தன் குடும்பமும் முற்றக் கிடைப்பதில்லை. அயல்வீட்டையும் சேர்த்துத் தேடுவார்க்கே அது கிடைக்கின்றது.

அக்குடும்பம் கடற்கரைத் தலைமைக் குடியினதாயின், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எழுத்துகளில் மேலும் சில தடங்கள் கிடைக்கலாம். உப்பளத் தொழிலாளர் குடும்பமாயின் குடும்பப்பெயர்தானும் இராது. தந்தை பெயரே தலைமுறைதோறும் மாறிவரும். அரசு ஆவணத்தில் அவர் காணப்படார். ஆயின் கோயிலேட்டில் காணப்படுவர். தலைவர் மகனுக்கும் கூலியாள் மகனுக்கும் திருமுழுக்கேடு தரும் செய்திகள் ஒன்றே: பெயர், பிறந்த நாள், தாய், தந்தை, ஞானப்பெற்றோர். ஊரில் இருந்த உயர்வுதாழ்வு ஞானப்பெற்றோர் தேர்விலும் ஊர்த்தெருவின் பெயரிலும் எதிரொலித்திருக்கலாம். குறிப்பின் அமைப்பில் வேறுபாடு இல்லை. மெய்க்கீர்த்தி பாடப்பெறாதார்க்கு இவ்வேடு ஒன்றே மெய்க்கீர்த்தி.

இங்கே ஒரு கடப்பாடும் எழுகின்றது. தந்தை பெயர் அறியப்படாத குழந்தை, கைவிடப்பட்ட மனைவி, கடன்பட்டு வேறூர் சென்றவர் எனப் பலர் நிலையும் ஏட்டில் வெளிப்படும். அவர்தம் வழியினர் இன்றும் அவ்வூரில் வாழ்வர். அண்மைக்காலப் பதிவுகளை ஆராய்வார் பெயரை மறைத்து எழுதுதலும், பங்குக்குருவின் இசைவு பெறுதலும் முறையாகும். ஏட்டைத் திறப்பவர் பிறர் வீட்டின் உள்ளே நுழைகின்றார் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

முடிபு

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கோயிலேடு தரும் குடிவழி குறுகியது, இடையிடையே அறுபடுவது, வேந்தர் அவைக்கு நம்மைக் கொண்டு செல்லாதது. அதற்கு ஈடாக, யார் யாரோடு மணந்தனர், யார் யார் குழந்தையை ஏந்தி நின்றனர், எவர் தாய் எவர் என்பனவற்றை அது தருகின்றது. உறவின் அகலத்தை அறிய விரும்புவார்க்கு அது நிறைவளிக்கும். குலப்பெருமையின் நீளத்தை விரும்புவார் கதையையே நாடுவர். அவரை ஏடு தடுக்கவல்லதன்று.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவ்வேடுகளைத் திருச்சபை வரலாற்றார்க்கு மட்டும் உரியன என ஒதுக்கிவைத்தல் தகாது. ஏட்டுத் தமிழும், பெயர்த் தமிழும், முறைமைச் சொற்களும் நம் துறைக்குரியனவே. இலத்தீன் எழுத்துப் பயிற்சி, போர்த்துக்கீசியத்தில் அடிப்படை அறிவு, பதிப்புக்கலை ஆகியவற்றோடு கூடிய முதுகலை மாணவர் ஒருவர், ஒரு பங்கின் ஓர் ஏட்டினை எடுத்து, மூலப்படியும் ஓரக்குறிப்பும் பெயர் வேறுபாட்டு அட்டவணையும் அமையப் பதிப்பிப்பாராயின், அஃது உயர்ந்த ஆராய்ச்சியாகும். அப்பதிப்பில் வேந்தர் பெயர் ஒன்றும் இராது. ஆயின் முத்தையாபுரத்து உப்பளத்தினின்று மாலையில் வீடு திரும்பும் ஒருவர் தம் பாட்டியின் தாய் பெயரை அதிற் கண்டு, இன்னார் என அறிந்துகொள்வர். ஏடு செல்லுக்கு இரையாகுமுன் அது செய்யப்படல் வேண்டும்.